நியோரெகேலியாவின் இலக்கணம்

நியோரெகேலியா அன்னாசிக் குடும்பத்துச் செடி. பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காடுகளே அதற்குப் பெரும்பாலும் தாயகம். சிங்கப்பூரில் வீவக தாழ்வாரத் தொட்டிகளில் அது செழித்து வளர்கிறது. தாவரவியல் பூங்காவில் இக்குடும்பத்துக்கென்றே யுவென் பெங் மெக்னீஸ் கூடம் உண்டு. அத்தனை உறவுகளுக்கிடையே ஒரு செடியை நியோரெகேலியா என்று எதைக் கொண்டு துணிவது?

சிவஞான முனிவர் தமிழில் தந்த தருக்க சங்கிரகம் சார்ந்த மரபு இதற்கு அளவுகோல் வைத்திருக்கிறது. பசுவைக் 'கொம்புடையது' என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும், அது அதிவியாத்தி. 'கபில நிறத்தது' என்றால் மற்ற நிறப் பசுக்கள் விடுபடும், அது அவ்வியாத்தி. அலைதாடியே பசுவின் இலக்கணம் என்பது தருக்க நூலார் முடிவு. மாட்டு வணிகத்தால் பெயர்பெற்ற லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் இந்த வாதம் எளிதில் விளங்கியிருக்கும்.

அதே அளவுகோலை நியோரெகேலியாவுக்கு வைத்துப் பார்ப்போம். நீர் தேங்கும் இலைக்கிண்ணத்தை அடையாளமாகச் சொன்னால் அதே குடும்பத்து ஏக்மியாவும் அதில் அடங்கிவிடும். பூக்கும் பருவத்தில் நடு இலைகள் சிவப்பது கரோலினே இனத்தின் அழகு, பல இனங்களில் அது இல்லை. நிழலில் நிறமே மங்கிவிடும். எஞ்சுவது பூதான். நியோரெகேலியாவின் பூங்கொத்து தண்டு நீட்டி வெளியே வராது. கிண்ணத்தின் அடியிலேயே அமர்ந்திருக்கும். உறவுச் செடியான நிடுலாரியமும் தாழ்வாகத்தான் பூக்கும். ஆனால் அதன் கொத்து கிளைத்து, வண்ணப் பூவடிச் செதில்களுக்கிடையே இருக்கும். இதழ்களின் நுனி குவிந்திருக்கும். நியோரெகேலியாவின் கொத்து பெரும்பாலும் கிளைக்காது; ஒவ்வொரு பூவுக்கும் சிறு காம்பு உண்டு; கூரிய இதழ்கள் விரியும்.

ஓர் இலைக்கொத்து ஒருமுறைதான் பூக்கும். பக்கக் கன்றுகளை ஈன்றுவிட்டு மடியும். அப்படியானால் பூக்காத செடிக்கு இலக்கணமே இல்லையா? காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்னும் சற்காரியவாதம் இங்கே துணைநிற்கிறது. சைவ சித்தாந்தமும் ஏற்ற கொள்கை அது. பூ வெளிப்படுமுன்பே அதன் இயல்பு செடியில் இருக்கிறது.

வைசேடிகத் தருக்க மரபினர் சொல்லும் அழியாத 'சாதி' (இனப்பொதுமை) மட்டும் இங்கே பொருந்தவில்லை; பேரினத்தின் எல்லையே மாறுகிறது. 1934இல் தாவரவியலாளர் லைமன் ஸ்மித் பெயரிட்ட இந்தப் பேரினத்திலிருந்து, உறுப்பமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்து, அமேசான் இனங்களை 2021இல் ஹைலியேக்கம் எனப் பிரித்தார்கள். ஆர்த்தோஃபைட்டம் என்ற வேறொரு பேரினத்தோடு கலந்து நியோஃபைட்டம் என்ற கலப்பும் உண்டாக்கியிருக்கிறார்கள். பேரினத்தை நிலைநிறுத்துவது வம்சாவளி. பூவும் இலையும் அதற்குச் சாட்சிகள். தோட்டக் கலப்பினங்களில் அந்தச் சாட்சியும் குழம்பிவிடுவதால், கன்றைப் பிரித்து நடும்போது தாய்ச்செடியின் பெயர்ச்சீட்டையும் உடன் வைக்க வேண்டும்.