சூளையில் இருக்கும் ஊழியம்

பசித்தவனுக்கு அன்னம் இடுவது தர்மம். அவன் ஏன் பசித்தான் என்று கேட்பதும் தர்மந்தான். நம் தாங்கல்களில் முதலாவது குறைவில்லாமல் நடக்கிறது. இரண்டாவதைப் பேசத்தான் ஆளில்லை.

அய்யா வைகுண்டர் அதைக் கேட்டார். அன்று திருவிதாங்கூரில் பனையேறிப் பிழைத்த மக்கள் சோம்பியிருந்து ஏழையாகவில்லை. விடியுமுன் மரத்தில் இருந்தார்கள். ஆனால் தலைக்கு ஒரு வரி, பனைக்கு ஒரு வரி. அதற்கும் மேலே கூலியில்லாத ஊழியம்: ஓலை வெட்டிக் கொடுக்க வேண்டும், சுமை சுமக்க வேண்டும், கூப்பிட்ட நாளில் போக வேண்டும். பாடு ஒருவனுக்கு, பலன் வேறொருவனுக்கு. வறுமையின் வேர் அங்கே இருந்தது. அந்த வேரைத் தொட்ட அய்யாவை அரசு சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது.

ஊழியம் அத்தோடு ஒழிந்ததா? திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் எத்தனையோ முறை அதிகாரிகள் போய்க் கொத்தடிமைகளை மீட்டிருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், நம் ஊர் இருளர்கள். இன்று ஊழியத்துக்குப் பெயர் அட்வான்ஸ். மருத்துவச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ கை நீட்டி வாங்குகிறான். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கல் அறுக்கிறார்கள், பிள்ளைகள் கல்லைத் திருப்பிப் போடுகிறார்கள். வாரத்துக்குக் கொஞ்சம் செலவுக்காசு கிடைக்கும். கணக்கு நோட்டு முதலாளியிடம். மழை வந்து சூளை நின்றபின் பார்த்தால் பாக்கி குறையவில்லை என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்?

சூளைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. தெற்கிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கம் கடையும் பட்டறையும் வைத்திருப்போர் நம்மிலும் உண்டு. பதிக்கு அரிசி மூட்டை இறக்குமுன், தம் நோட்டில் வேலையாள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும். ஆளைப் போகவிடாமல் பிடித்து வைக்கிற கடன் அதில் இருந்தால், அந்த அரிசியை அய்யா எப்படி ஏற்பார்?

1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொத்தடிமைக்குக் கட்டிவைத்த கடன் செல்லாது. அதைத் திருப்பி வாங்குவதே குற்றம். அப்படி யாராவது அகப்பட்டிருப்பது தெரிந்தால் மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ சொல்லலாம். மீண்டவருக்கு விடுதலைச் சான்று கொடுப்பார்கள். சான்றோடு விட்டுவிட்டால் அடுத்த கல்யாணச் செலவு அவரைத் திரும்பச் சூளைக்கே கொண்டுபோகும். கையில் சொந்தத் தொழில் வேண்டும்.

அதற்கும் நம் மாவட்டத்திலேயே வழி காட்டியிருக்கிறார்கள். மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு மெய்யூரில் 2022-இல் 'சிறகு' என்று ஒரு சூளை தொடங்கினார்கள். கொத்தடிமையாய் இருந்து மீண்ட இருளர் குடும்பங்களே அங்கே கல் அறுக்கிறார்கள். கல் விற்ற லாபத்தில் பங்கும் அவர்களுக்கே.

அய்யா உண்டு.