மூடிய கையில் வந்த சீட்டு

ஒருவர் நமக்காக ஒன்றை விட்டுக்கொடுக்கும்போது, அவர் விட்டுக்கொடுத்தார் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டுமா, அல்லது அறியாமலே அதை அனுபவித்துவிட்டுப் போவதுதான் இரு தரப்பாருக்கும் நல்லதா என்ற கேள்வி, நண்பர்களோடு முக்திநாத் யாத்திரை போய் வந்த நாள் முதல் என் சித்தத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. உத்திரமேரூரிலிருந்து புறப்பட்டவர்கள் அறுவர். அனைவரும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மாலை வேளைகளில் சுந்தரவரதர் கோயில் மண்டபத்தில் கூடிப் பேசுகிறவர்கள். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று பெரியோர் கொண்டாடும் அந்தத் திருப்பதியை ஒரு முறையாவது சேவித்துவிட வேண்டும் என்ற ஆசை அந்த மண்டபத்துப் பேச்சில்தான் பிறந்தது. யாத்திரையின் மற்ற விவரங்கள் இங்கே வேண்டியதில்லை. நேபாளத்தில் பொக்காரா விமான நிலையத்தில் ஒரு காலை வேளையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முக்திநாத்துக்குப் போகிறவர்கள் இறங்கும் ஜோம்சோமுக்குப் பொக்காராவிலிருந்து போகும் விமானம் சிறியது. ட்வின் ஆட்டர் என்னும் அந்த வகை கனடாவில் உருவாகி 1965இல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு இயந்திரங்களும் 19 ஆசனங்களும் கொண்டது. ஆளும் எண்ணெயும் மூட்டையும் தன் சொந்த எடையும் சேர்ந்து 5,670 கிலோவைத் தாண்டினால் அது கிளம்பக் கூடாது. 8,167 மீட்டர் உயரமுள்ள தௌலகிரிக்கும் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவுக்கும் நடுவே காளி கண்டகி நதி அறுத்து வைத்திருக்கும் பள்ளத்தாக்கே அதன் பாதை. பொழுது ஏற ஏற வடக்கேயுள்ள மேட்டுநிலம் சூடேறி, தெற்கிலிருந்து காற்றை அந்த இடுக்கின் வழியே இழுத்துக்கொள்வதால், முற்பகலுக்கு மேல் அங்கே விமானம் ஓட்டுவது அபாயம். ஆகவே போக்குவரத்தெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும்.

அன்று காலை எடை போட்டுப் பார்த்த சிப்பந்தி, சுமை மிஞ்சுகிறது என்றும், எங்களில் ஒருவர் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த விமானம் என்பது காற்று இடம் கொடுத்தால் மட்டும் போகிற விமானம் என்பதை எல்லோரும் அறிந்திருந்தோம். ஆளுக்கு ஆள் "நான் இருக்கிறேன்" என்று முந்தினார்களே தவிர, ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்பதாக இல்லை. அப்போது எங்களில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணா என்று அழைக்கிறவர், "சீட்டுப் போட்டுடலாம், நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசா என்ன?" என்றார். கணக்கு எழுதி வந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஆறு துண்டுகளாக்கி, பெயர்களைத் தாமே எழுதி, மடித்துத் தம் மங்கி குல்லாவுக்குள் போட்டுக் குலுக்கினார். இளையவர் ஒரு சீட்டை எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் அதை விரல்களை மூடியபடியே வாங்கி, உள்ளங்கைக்குள்ளேயே பிரித்து, தலை குனிந்து பார்த்துவிட்டு, "என் பேர்தான் வந்திருக்கு. நீங்கள்லாம் கிளம்புங்க, நேரமாகுது" என்று சொல்லி, அந்தச் சீட்டையும் மற்றவற்றையும் குல்லாவோடு ஸ்வெட்டர் பைக்குள் திணித்துக்கொண்டார். அன்று இரண்டாவது விமானம் போகவில்லை. மறுநாள் மேகம் மூடிக்கொண்டது. திரும்பும் ரயிலுக்கு நாள் குறித்தாகிவிட்டபடியால், அவர் முக்திநாதரைச் சேவிக்காமலே ஊர் திரும்பினார்.

அவர் சீட்டு வாங்கிய விதம் அப்போது என் கண்ணில் பட்டதே அன்றிக் கருத்தில் படவில்லை. ஊருக்கு வந்த பிறகு, வெளியூர் அன்பர் ஒருவருக்கு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டிக்கொண்டு நின்றபோதுதான் அது சுருக்கென்று தைத்தது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919இலும் 921இலும், இவ்வூர்ச் சபையார் குடவோலை முறையை வகுத்து அந்தக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். குடும்பு என்னும் ஊர்ப் பிரிவுகள் முப்பதுக்கும் ஓலை எழுத வேண்டும். குடத்தை எல்லோரும் காணுமாறு வயது முதிர்ந்த நம்பி ஒருவர் உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்த பின் அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதை வாசிக்க வேண்டும். விரல் விரிக்க வேண்டும் என்ற அந்த நுட்பம் எத்தனை அனுபவத்தின் சாரம்! மூடிய கையில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடும் என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அஞ்சியதெல்லாம் தனக்கோ தன் சுற்றத்துக்கோ அனுகூலம் தேடுகிற கையைத்தான். தனக்குப் பிரதிகூலமாகச் சீட்டை மாற்றுகிற கை ஒன்று இருக்கலாம் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்த மகாசபை நினைத்துப் பார்த்திருக்குமா?

சீட்டில் உண்மையாகவே அண்ணாவின் பெயர் இருந்திருந்தால் விவகாரம் ஒன்றுமில்லை. அது விதி, யாருக்கும் யாரும் கடன்பட்டவரல்லர். வேறு பெயர் இருந்து அவர் தம் பெயராக வாசித்திருந்தாலோ, எங்களில் ஒருவர் கண்டதெல்லாம் அவர் தந்த பிக்ஷை. அங்கே கண்ட காட்சிகளை எண்ணும்போதுதான் மனம் கனக்கிறது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கி நிற்க, ஜன்னலுக்கு நேரே பனிமலை தன் முழு உடலையும் காட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. விமானிகளின் தோள்களுக்கு இடையே தெரிந்த நதி, சாம்பல் நிற மணலில் பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் ஓடியது. முக்திநாத்தில் மதில் ஓரமாக 108 தாரைகள் விழுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் தலையைக் கொடுத்து ஓடும்போது குளிரில் பற்கள் தாமாக அடித்துக்கொள்கின்றன. கண்டகிக் கரையில் கறுத்து உருண்ட சாளக்கிராமங்களைக் கையில் எடுத்துப் பார்த்தோம். இமயம் எழும்புமுன் அவ்விடத்தில் இருந்த கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டுப் பிராணிகளே அவற்றினுள் சக்கரமாகப் பதிந்திருக்கின்றன என்பது சாஸ்திரக்ஞர் சொல்வது. இத்தனையையும் ஒருவர் கண் முன்னே வைத்துக்கொண்டு, ஒரு காகிதத் துண்டைக் கைக்குள் மறைத்து, வேண்டாமென்று விட்டிருக்க முடியுமா?

அந்த மூடிய விரல்களை நினைக்கும்போதெல்லாம் என் பால்யத்துக்கு மனம் ஓடிவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் மாதந்தோறும் குலுக்குச் சீட்டு நடக்கும். பித்தளைச் செம்பில் கையை விட்டுச் சீட்டு எடுப்பதற்குப் பள்ளிப் பிள்ளையான என்னைக் கூப்பிடுவார்கள். எடுத்தால் ஒரு வெல்லக்கட்டி கிடைக்கும். ஒரு மாதம், வசதியுள்ள பெரியவர் ஒருவரின் பெயர் வந்தது. பெண்ணின் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அங்கே இருந்தார். பெரியவர் எல்லோர் முன்னிலையிலும், "இந்த மாசம் அவங்க எடுத்துக்கட்டும், நான் பிறகு எடுத்துக்கிறேன்" என்றார். அவர் செய்தது உத்தமமான காரியம். அவர் மனத்தில் களங்கமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மாள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசுவார்; தோட்டத்தில் முதலில் காய்த்த அவரைக்காய் பெரியவர் வீட்டுக்கு வந்துவிடும். பெரியவர் "உட்காரும்மா, உட்காரும்மா" என்று எத்தனை சொன்னாலும் உட்கார மாட்டார். கல்யாணம் நல்லபடி நடந்தது. ஆனால் சமமாக உட்காரும் உரிமை ஒன்று அந்தத் திண்ணையிலிருந்து மறைந்தது. அண்ணாவும் அந்தக் காலத்துத் தெருவில் வளர்ந்தவர்தாமே. வெளிப்படையாகக் கொடுத்தால் மற்ற ஐவரும் ஆயுள் முழுவதும் தம் முன்னே நின்றுகொண்டிருப்பார்கள் என்று அஞ்சித்தான் அவர் கையை மூடினாரோ?

அப்படியானால் அவர் சொன்னது பொய். பொய்யைப் பற்றி நினைக்கும்போது, சிறு வயதில் பாரதப் பிரசங்கத்தில் கேட்டதோ, பிறகு வாசித்ததோ, அரைகுறையாக நினைவிலிருக்கும் ஒரு விஷயம் வந்து குறுக்கே நிற்கிறது. தருமபுத்திரனின் ரதம் சத்தியத்தின் பலத்தால் பூமியைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்திலேயே ஓடும் என்றும், துரோணரிடம் அசுவத்தாமனைப் பற்றி அவன் மழுப்பிச் சொன்ன கணத்தில் அது தரையில் இறங்கிவிட்டது என்றும் கதை. வெற்றிக்காகச் சொன்ன பொய் ரதத்தைக் கீழே இறக்கியது, சரி. தன் நஷ்டத்துக்காக ஒருவன் சொல்லும் பொய் ரதத்தை என்ன செய்யும்? இறக்குமா, ஏற்றுமா? பொய்மையும் வாய்மை ஆகும் இடம் உண்டு என்று வள்ளுவர் இசைவு தந்திருக்கிறாரே என்று என் நண்பர் ஒருவர் வாதிப்பார். ஆனால் அந்த இசைவு குற்றமில்லாத நன்மை விளையும் இடத்துக்கு. இங்கே விளைந்த நன்மையில் குற்றம் இல்லையென்று எப்படித் துணிவது? சீட்டு உண்மையில் எவருக்கு வந்ததோ, அவருக்கும் தாமாக விட்டுக்கொடுக்கும் ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கும் அல்லவா? அதையும் சேர்த்தல்லவா அந்தக் கை மூடிவிட்டது!

இவ்வாறு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, 2022 மே 29ஆம் தேதிச் செய்தி வேறு திசையில் தள்ளியது. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு அதே வழியில், அதே வகை விமானத்தில் போன 22 பேரும் மலையில் மோதி மாண்டார்கள். பத்திரிகையை மடித்து வைக்க முடியாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் போன நாளில் அது நேர்ந்திருந்தால், தியாகி என்று நான் நினைக்கிறவர் பிழைத்தவராகவும், அனுக்கிரகம் பெற்றவர்கள் என்று நினைக்கிற நாங்கள் பலியானவர்களாகவும் அல்லவா ஆகியிருப்போம்? எது லாபம், எது நஷ்டம் என்பது தெரியாத ஒரு பொருளை ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார் என்று சொல்வதே பொருந்துமா? பிறகு யோசித்தபோது, பலனைக் கொண்டு கொடையை அளப்பது நியாயமாகப் படவில்லை. அன்று காலை அவர் மனத்தில் இருந்தது தரிசனம் ஒன்றே. அதைத்தான் விட்டார், விட்டிருந்தால்.

அந்த "விட்டிருந்தால்" என்ற இடத்திலேயே என் யோசனை எப்போதும் நின்றுவிடுகிறது. அவரையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். இன்றும் நல்ல திடத்தோடு கோயிலுக்கு வருகிறார். முக்திநாத் பேச்சு வந்தால் ஆவலோடு விவரம் கேட்டுக்கொள்கிறார். ஆனால் சீட்டு மெய்யாகவே அவருடையதாக இருந்தால், என் கேள்வி ஒரு நேர்மையான மனிதரைச் சந்தேகித்ததாக முடியும். அவருடையதல்ல என்றால், அவர் இவ்வளவு பத்திரமாக மறைத்ததை நான் வலியப் பிடுங்கியதாக முடியும். கேளாமல் இருப்பதோ, பெற்றதற்கு நன்றி சொல்லும் கடமையைத் தட்டிக்கழிப்பதாகவும் ஆகலாம். விரல்களை விரித்துக் காட்டு என்பது ஊர்ப் பொதுக் காரியத்துக்குச் சபையார் விதித்த விதி. அது நட்புக்கும் செல்லுமா, அல்லது நட்பில் மூடிய கைக்கும் ஓர் இடம் விட்டுவைக்க வேண்டுமா என்பது எனக்குத் துலங்கவில்லை. இப்போதைக்கு நான் கேட்கவில்லை. அது அவர்பால் கொண்ட மரியாதையினாலா, விடையை அறிந்த பின் அவர் எதிரில் முன்போல் உட்கார முடியாது போகுமே என்ற பயத்தினாலா என்று என்னையே கேட்டுக்கொண்டால், அதற்கும் நிச்சயமான பதில் என்னிடம் இல்லை.