மகாசம்மதனும் மக்களின் சம்மதமும்

புத்தளத்துக்கு வடக்கே கடலை நோக்கி நிற்கும் குதிரைமலைக் கரையின் மண் செம்பு நிறமானது. விஜயனும் அவனுடைய எழுநூறு தோழரும் வந்திறங்கியதாக மகாவம்சம் கூறும் தம்பபண்ணி இந்தக் கரையே என்பர் சிலர். ஐதிகத்தை நாம் வரலாறாகக் கொள்வதில்லை. எனினும், ஆட்சியைப் பற்றி முன்னோர் கொண்டிருந்த எண்ணங்கள் ஐதிகங்களில் தங்கியிருக்கின்றன. ஆகவே அவற்றை ஆராய்வது பயனுடைய செயலே.

அதே மகாவம்சம் மகாசம்மதன் என்னும் ஆதி அரசனின் மரபையும் உரைக்கிறது. அவனைப் பற்றிய கதை தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சுத்தத்தில் உள்ளது. ஆதியில் நெல் உழாமலே விளைந்தது. வேண்டியவர் வேண்டியபோது கொய்து உண்டனர். பின்னர் சிலர் சேர்த்து வைத்தனர். வயல்களுக்கு வரப்பு எழுந்தது. களவும் பொய்யும் அடிதடியும் தொடர்ந்தன. மக்கள் கூடித் தம்முள் தகுதியான ஒருவனைத் தெரிந்தெடுத்தனர். தண்டிக்கத் தக்கவரைத் தண்டிப்பது அவன் கடமை. தம் நெல்லில் ஒரு பங்கு தருவது அவர்கள் கடமை. பலரும் சம்மதித்தமையால் அவன் மகாசம்மதன் ஆனான்.

எத்துணை துணிவான கற்பனை! இங்கே அரசன் வானத்திலிருந்து வந்தவனல்லன். மக்களிடம் கூலி பெறும் ஊழியன். தனியுடைமைக்குப் பின்னரே அரசு தோன்றியது என்று ஏங்கெல்ஸ் 1884-இல் எழுதியதன் சாயலையும் இக்கதையில் காண்கிறோம்.

ஆனால், சம்மதித்தவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கிறது. தம்பபண்ணியில் விஜயனை முடிசூடும்படி வேண்டியவர்கள் அவனுடைய தோழர்களே. உயர்குலத்து அரசி இன்றி முடிசூட மாட்டேன் என்றான் அவன். மதுரைப் பாண்டியனிடம் தூது சென்றது. அடைக்கலம் தந்த குவேனி துரத்தப்பட்டு, தன் இனத்தாராலேயே கொல்லப்பட்டாள். மண்ணுக்குரிய இயக்கரின் சம்மதத்தை யார் கேட்டார்? எழுநூறு பேரின் விருப்பமே நாட்டின் விருப்பமாகிவிட்டது.

இது பழங்கதையோடு முடிந்ததா? 1931-இல் இலங்கையில் ஆண் பெண் இருபாலாரும் வாக்களித்தனர்; ஆசியாவுக்கே அது முன்மாதிரி. ஆனால், 1948-இன் குடியுரிமைச் சட்டத்தையும் 1949-இன் தேர்தல் சட்டத் திருத்தத்தையும் அடுத்து, மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் வாக்கை இழந்தனர். பறித்ததும் மக்கள் தெரிந்தெடுத்த பாராளுமன்றமே!

புத்தளக் கரையும் இத்துயரத்தை அறியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பல்லாயிரவர் இங்கே வந்து குடிசை அமைத்தனர். உடல் புத்தளத்தில், வாக்கு பிறந்த ஊரில் என்ற நிலை பலருக்குப் பல்லாண்டுகள் நீடித்தது. 2019 நவம்பர் 16 அன்று, சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்றோரின் பேருந்துகள் தந்திரிமலை அருகே கல்லெறிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் உள்ளாயின. ஒரு வாக்குக்காக உயிரைப் பணயம் வைக்க நேர்ந்த அவர்களுக்கு அதன் விலையை நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

தெரிந்தெடுக்கப்பட்டவன் என்ற ஒரே காரணத்தால் ஓர் ஆட்சி அறமுடையதாகிவிடாது. கேட்கப்படாதவர் எவர் என்பதைக் கொண்டே அதனை அளக்க வேண்டும். விஜயன் கதையைக் கற்பிக்கும் ஆசிரியர், அவனை முடிசூட வேண்டியவர் யார் என்பதோடு நிற்கலாகாது. குவேனியிடம் கேட்டவர் யார் என்றும் மாணவரை வினவச் செய்தல் வேண்டும்.