கருவையை வெட்டுவது யார்?

சீமைக்கருவேலம் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல என் கேள்வி. கண்மாயிலும் வரத்துக்காலிலும் மண்டி, தண்ணியை மறிக்கிற மரம் போகத்தான் வேண்டும். அதை வெட்டுகிற உழைப்புக்கு என்ன பேர் வைக்கிறோம், வெட்டிச் சுத்தமான நிலம் யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

இந்த மரம் தானா வந்து முளைக்கல. அமெரிக்கக் கண்டத்து மரம். 1870களில் வெள்ளைக்காரனின் வனத்துறை விதையை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பக்கம் நட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் வறண்ட மாவட்டங்களில் விறகுக்கென்று பரப்பப்பட்டது. ஆடு மாடுகள் நெற்றைத் தின்று சாணத்திலும் புழுக்கையிலும் விதையைக் கொண்டுபோய்ப் போட்டன. முடிவெடுத்தவர்கள் மேலே இருந்தார்கள். முள் தைத்தது வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு. ராமநாதபுரம் சீமையில் மழை பொய்த்து, நடவும் களையெடுப்பும் இல்லாத மாதங்களில் இதே மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டுக் கஞ்சி குடித்தவர்களும் அவர்கள்தான்.

இப்போது பட்டணத்திலிருந்து தன்னார்வலர்கள் வருகிறார்கள். கையுறை, தொப்பி, பதாகை. அவர்களை நான் கேலி செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு வெயிலில் நிற்கிற பிள்ளைகளின் நேர்மையைச் சந்தேகிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் 2017ஐ நினைத்துப் பாருங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மாவட்டம் மாவட்டமாகக் கருவை அகற்றப்பட்ட காலம். அப்போது அரியலூரில், ஜாமீன் வேண்டுமானால் நூறு கருவேல மரங்களை வெட்டு என்று நீதிமன்றம் நிபந்தனை போட்டது. அதே அரிவாள், அதே முள். மாணவனுக்கு அது சேவை. கைதிக்கு நிபந்தனை. கூலிக்காரனுக்கு அன்றாடப் பிழைப்பு. வேலை ஒன்றுதான். செய்கிற ஆளைப் பொறுத்து அதன் மானம் மாறுகிறது. இதுதான் சாதியின் கணக்கு.

தன்னார்வம் என்றால் என்ன? மாட்டேன் என்று சொல்ல முடிகிறவன் சரி என்று சொல்வது. மறுக்க வழியில்லாதவன் செய்வதற்குப் பேர் வேறு. கண்மாய் பராமரிப்பில் எங்களுக்கு இது புதுசில்லை. குடிமராமத்து என்பதை ஊர் ஒற்றுமையின் பொற்காலம் மாதிரி எழுதுகிறார்கள். அந்த வேலைக்கு ஆள் வராவிட்டால் தண்டிக்க, 1858இலேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். எல்லாரும் மனசார வந்திருந்தால் சட்டம் எதற்கு? மண் சுமந்த சேரிக்காரனுக்கு அந்தக் கண்மாய்த் தண்ணி பாய நிலம் இருந்ததா? அவன் கரை காத்தான், விளைச்சல் வேறொருத்தன் களத்துக்குப் போனது. 2017இல் அரசு அதே பேரில் திட்டம் கொண்டுவந்தபோது, பேரின் பின்னாலிருந்த இந்தக் கதையை யாரும் பேசவில்லை.

எங்க பக்கம் ஒரு கண்மாயில் தன்னார்வலர்கள் வெட்டி முடித்ததும் ஒரு பாட்டி கேட்டார்: ‘தம்பி, இந்த விறகு யாருக்குப்பா?’ அவர்களிடம் பதில் இல்லை. ஏலம் எடுத்தவர் லாரியோடு வந்தார். பாட்டி அதுவரை அங்கேதான் சுள்ளி பொறுக்கினார். நல்லெண்ணம் ஒரு நாளில் செய்த காரியம், ஒரு வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் போனது.

இன்னொன்று பேச்சு. அந்நியச் செடி, அசுத்தம், வேரோடு ஒழி என்கிறார்கள். கருவை ஆக்சிஜனே தராது என்றும் மேடையில் பேசுகிறார்கள். பச்சை இலையுள்ள எந்த மரமும் தரும். ஒரு மரத்தை அகற்ற அதன்மேல் பொய் சொல்லவோ தீட்டு கற்பிக்கவோ தேவையில்லை. நீரை மறிக்கிறது என்ற காரணமே போதும். சுத்தம், அசுத்தம் என்ற சொற்களால் பிரிக்கப்பட்ட மனிதர்களுக்கு அந்தச் சொற்களின் ருசி தெரியும்.

அப்புறம் நிலம். 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் எவ்வளவோ கைமாறிக் கிடக்கின்றன. முள் மண்டிய தரிசு என்று சொல்லி எந்த நிலத்தையும் சுத்தப்படுத்தும் முன், பட்டா யார் பேரில், கிரயம் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆக்கிரமித்தவனுக்கு இலவசமாக நிலம் திருத்திக் கொடுத்த கதையாகும்.

கருவையை மேலோடு வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். தோண்டி எடுக்க வேண்டும், வருசா வருசம் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை இல்லை. தொடர்ந்து செய்யப்போவது அந்த ஊரில் இருப்பவர்கள். அதனால் மாணவத் தோழர்களே, அரிவாள் எடுக்கும் முன் சேரிக்குப் போய் உட்காருங்கள். விறகு அவர்களுக்கு, தூர் தோண்டச் சட்டப்படியான கூலி, வெட்டியபின் அந்த இடத்தில் என்ன செய்வது என்பதில் அவர்களின் முடிவு. இந்த மூன்றையும் ஊராட்சியில் எழுதி வாங்குங்கள். அதுக்கப்புறம் சேர்ந்து வெட்டலாம். நானும் வர்றேன்.