பதினேழாம் நாள் மாலைப் பேச்சு

தென்காசியில் காசிவிசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், தனக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தைக் கல்லில் வெட்டி வைத்துப் போனான். இந்த ஆலயத்துக்கு ஏதாவது கேடு வந்தால், அதை நீக்கிக் காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்பது அதன் சாரம். திருப்பணி தொடங்கியது 1446இல். ராஜகோபுரம் முடியுமுன் 1463இல் அவன் இறந்துபோக, தம்பி குலசேகரன் வேலையைத் தொடர்ந்தான். பிற்காலத்தில் கோபுரம் சிதைந்து, பல தலைமுறைக்கு மொட்டைக் கோபுரமாகவே நின்றது. ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்து அது குடமுழுக்குக் கண்டது 1990இல்.

அதே 1990இல், மார்ச் 24ஆம் தேதி, இலங்கைக்குப் போயிருந்த இந்திய அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது. அந்தப் படை போன வேலை முடியவில்லை. முடியாத வேலையைப் பாதியில் விடலாமா, அதற்காக ஏற்கெனவே உயிர் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் என்ற கேள்வி அப்போது எழுந்தது, இன்றும் ஓய்ந்துவிடவில்லை. இறந்தவன் விட்டுப்போனதை இருப்பவன் முடிக்க வேண்டும் என்ற எண்ணம் தென்காசியில் ஒரு கோபுரத்தை எழுப்பியது. அதே எண்ணத்தை அரசியல்வாதிகள் போருக்காகச் சொல்லும்போது அது அறமாகுமா?

நடந்ததைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1987 ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். போராளிகளிடம் ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டு அமைதியைக் காக்கப் போன படை, அக்டோபர் 10 முதல் விடுதலைப் புலிகளோடு நேரடிப் போரில் இறங்கியது. அந்த மாதமே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழரைக் காக்கப் போன படை என்ற பேச்சு அதோடு யாழ்ப்பாணத்தில் செல்லாமல் போயிற்று. 1989 ஜூன் 1 அன்று இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா, ஜூலை 29க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். அழைத்த அரசு போகச் சொல்கிறது. காக்கப்பட வேண்டிய மக்களில் பெரும்பகுதியினர் படையை வெறுக்கிறார்கள். சென்னையில் முதலமைச்சர் கருணாநிதி எதிர்க்கிறார். டெல்லி மட்டும், அதிகாரப் பகிர்வும் தமிழர் பாதுகாப்பும் உறுதியாகாமல் முழுவதுமாக விலக முடியாது என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் வி.பி.சிங் பிரதமரான பிறகே திரும்பல் வேகம் பிடித்தது. அதற்குள் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டிருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய படையை வரவேற்கக் கருணாநிதி போகவில்லை.

பிடிக்காத போரை நீட்டிக்க அரசுகள் சொல்லும் காரணங்கள் பல. பாதுகாப்பு, கௌரவம், ஒப்பந்தக் கடமை, எதிரி துணிந்துவிடுவான் என்ற அச்சம். இவையெல்லாம் வாதங்கள், எதிர்வாதம் உண்டு. ஒன்றுக்கு மட்டும் யாராலும் பதில் சொல்ல முடிவதில்லை: மாண்டவர்களின் தியாகம் வீண்போகக் கூடாது. 2005 ஆகஸ்டில், இராக் போரை அமெரிக்கர்கள் வெறுக்கத் தொடங்கிய நேரத்தில், ஜார்ஜ் புஷ் முன்னாள் படைவீரர்கள் முன்னால் இதைத்தான் பேசினார்: மாண்டவர்கள் எந்த வேலைக்காக உயிரைக் கொடுத்தார்களோ அதை நாம் முடிப்போம் என்று. இலங்கைப் போரில் எந்தத் தரப்பும் இதற்கு விலக்கல்ல. 1989 முதல் ஒவ்வொரு நவம்பர் 27ஆம் தேதியும் மாவீரர் நாள் கொண்டாடிய புலிகள், இறந்தவர்களின் கனவையே போரின் நியாயமாக முன்வைத்தார்கள். 1995க்குப் பிறகு சந்திரிகா அரசு தன் படையெடுப்புக்கு ‘சமாதானத்துக்கான யுத்தம்’ என்று பெயர் சூட்டியது. போர் முடிய 2009 மே ஆயிற்று.

இந்த வாதத்தின் கணக்கு விசித்திரமானது. ஒவ்வொரு புதுச் சாவும் போரைத் தொடர ஒரு புதுக் காரணமாகிறது. போர் எவ்வளவு மோசமாகப் போகிறதோ அவ்வளவுக்கு வாதம் வலுக்கிறது. விட்ட பணத்தைப் பிடிக்கப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகும் சூதாடியின் கணக்குதான். அவனாவது வைப்பது தன் பணத்தை.

சூதாட்டத்தில் பிறந்த போரைச் சொல்லும் மகாபாரதத்தில் இந்த வாதம் இருக்கிறது. யார் வாயில் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நம் தலைவர்கள் போர் என்றதும் கீதையைத் தூக்குவார்கள். ஆனால் கீதை முதல் நாள் காலையில் சொல்லப்பட்டது. அப்போது களத்தில் ஒருவரும் சாகவில்லை. கண்ணன் அர்ச்சுனனுக்குக் கடமையைச் சொல்கிறான், ஆத்மாவைச் சொல்கிறான், ஊர்ப்பழியைக்கூடச் சொல்கிறான். செத்தவர்களுக்காகச் சண்டை போடு என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

அந்தப் பேச்சு வருவது பதினேழாம் நாள் முடிவில், சல்லிய பருவத்தின் தொடக்கத்தில். பீஷ்மர் விழுந்தாயிற்று, துரோணர் போயாயிற்று, கர்ணனும் மாண்டாயிற்று. கிருபர் துரியோதனனிடம், இனியாவது சமாதானம் செய்துகொள் என்கிறார். துரியோதனன் முட்டாள்தனமாகப் பதில் சொல்வதில்லை. நாம் செய்ததற்குப் பிறகு பாண்டவர் நம்மை நம்புவார்களா என்று கேட்கிறான். அது நியாயமான கேள்வி. அப்புறம் விஷயத்துக்கு வருகிறான். எனக்காக இத்தனை அரசர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க வேண்டும். நண்பர்களையும் தம்பிகளையும் பாட்டனையும் சாகக் கொடுத்துவிட்டு நான் மட்டும் பிழைத்தால் உலகம் பழிக்காதா என்கிறான்.

அவனுடைய நன்றியுணர்வு நிஜம். அதனால்தான் அந்தப் பேச்சு ஆபத்தானது. அடுத்த நாள் சல்லியனும் சகுனியும் எஞ்சிய சேனையும் அழிந்தார்கள். துரியோதனன் மடுவுக்குள் ஒளிந்தான். அன்றிரவு அசுவத்தாமன், கொல்லப்பட்ட தந்தையின் பேரைச் சொல்லி, தூங்கிக்கொண்டிருந்த பாண்டவரின் பிள்ளைகளை வெட்டினான். இன்றைய மேடைகளில் கீதையின் அட்டையைக் காட்டிவிட்டு வாசிக்கப்படுவது பெரும்பாலும் துரியோதனனின் பதினேழாம் நாள் பேச்சு.

இராவணன் இந்த விஷயத்தில் மேல். கம்பராமாயணத்தில், கும்பகர்ணனும் அதிகாயனும் மாண்ட பிறகு இந்திரசித்து களத்திலிருந்து திரும்பிவந்து, சீதையை விட்டுவிடுங்கள் என்று தந்தையிடம் சொல்கிறான். இறந்தவர்கள் இந்தப் பகையை முடிப்பார்கள் என்றோ, மிஞ்சியவர்கள் வெல்வார்கள் என்றோ, நீ வென்று தருவாய் என்றோ எண்ணி நான் இதைத் தேடவில்லை, என்னையே நம்பித்தான் தேடிக்கொண்டேன் என்கிறான் இராவணன். செய்தது அதர்மம், முடிவும் தவறு. ஆனாலும் செத்த தம்பியையும் மகனையும் தன் முடிவுக்குக் கேடயமாகப் பிடிக்கவில்லை. இது என் போர், பழியும் எனது என்று சொல்லும் பிரதமர்கள் எத்தனை பேர்?

இறந்தவர்களுக்கு என்னதான் வேண்டும்? மதம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. இதற்குத் தென்காசி, நெல்லைச் சீமையின் சாமிகளைவிடத் தெளிவாக யாரும் பதில் சொன்னதில்லை. இங்கே அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் பலர் சாமியாகிவிட்டார்கள். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் இருக்கும் முத்துப்பட்டன் அப்படிப்பட்டவர். அவருக்கு வேண்டியது கொடை. பொங்கல், விடிய விடிய வில்லுப்பாட்டு. அந்தப் பாட்டில் அவர் வாழ்ந்த கதையும் செத்த கதையும் முழுசாக வரும். எதற்காகச் செத்தார், யாரால் செத்தார் என்பது மறைக்கப்படாது. 2019இல் டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் மாண்டவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அனுப்பிவைத்தவர்களின் பெயர் எந்த நினைவுச்சின்னத்திலும் இருப்பதில்லை. இதில் வில்லுப்பாட்டுக்காரர் அரசாங்கத்தைவிட நேர்மையானவர்.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதை விழுங்கிவிடக் கூடாது. அமைதிப்படை கிளம்பியபோது அதை நம்பி நின்றவர்கள் நடுத்தெருவில் விடப்பட்டார்கள். வடகிழக்கு மாகாண முதலமைச்சர் வரதராஜப் பெருமாளின் அரசு கலைந்தது. அவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவின் துணையோடு கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கப்பட்ட தமிழ்த் தேசிய ராணுவத்துப் பையன்கள் பலர் புலிகள் கையில் செத்தார்கள். 1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர் மூண்டது. அந்த மாதமே அமைதிப்படையோடு நின்ற ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தின் தலைவர் பத்மநாபா சென்னையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களுக்காக இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால், காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ஏனென்றால் அது உயிரோடிருப்பவர்களைப் பற்றிய வாதம். எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை மாதம், எப்படிக் காப்பாற்றுவாய் என்று திருப்பிக் கேட்கலாம், பொய்யென்றால் பிடித்துவிடலாம். பராக்கிரம பாண்டியனின் விண்ணப்பமும் இந்த வகைதான். நிற்கிற கோயிலைக் காக்கச் சொன்னான். காப்பவரைத் தானே வணங்கினான். போர் பேசுகிற தலைவர் வணக்கத்தை இறந்தவனுக்கு வைத்துவிட்டு, உயிரை இருப்பவனிடம் கேட்கிறார். 1971இல் அமெரிக்க செனட் குழு முன்பு, வியட்நாமிலிருந்து திரும்பிய ஜான் கெர்ரி கேட்டது இதைத்தான்: ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிச் சொல்வது?

1990இல் படையைத் திருப்பி அழைத்த முடிவு சரி. நம்பி வந்தவர்களுக்கு வழி செய்யாமல் அழைத்தது தவறு. இரண்டையும் நாம் அப்போது பேசவில்லை. 1989 நவம்பர் மக்களவைத் தேர்தலில், படையை அனுப்பிய காங்கிரசும் அதன் கூட்டணியான அ.தி.மு.க.வும் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38ஐ அள்ளின. வாக்கு விழுந்ததற்குக் காரணங்கள் ஆயிரம் இருக்கும். அமைதிப்படை பற்றி நாம் கேட்க வேண்டியதைக் கேட்டோம் என்று மட்டும் சொல்ல முடியாது. இனி ஒருவர் மைக்கைப் பிடித்து, மாண்ட வீரர்களின் பேரால் இன்னும் ஓர் ஆண்டு போர் வேண்டும் என்றால், அந்த ஓர் ஆண்டில் உயிரோடிருக்கும் யாருக்கு என்ன கிடைக்கும் என்று அங்கேயே கேளுங்கள்.