பொது முதல் யாருடையது?

வியாபாரிக்கு முதல் எது, லாபம் எது, கடன் எது என்று பிரித்தறியத் தெரியும். தெரியாதவன் மூன்றாம் வருஷம் கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போவான். தன் கல்லாப்பெட்டியில் இத்தனை கருத்தாக இருக்கும் அதே மனிதன், பொதுக் காரியம் என்று ஒரு கமிட்டியில் போய் அமர்ந்ததும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறான். ஒருவன் பொது முதலைத் தன் முதல்போல் செலவிடுகிறான். இன்னொருவன் அதைத் தன் முதல்போல் பூட்டி வைக்கிறான். இரண்டில் எது குற்றம்? அல்லது இரண்டுமே குற்றந்தானா? இதைப் பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டும் என்று நமக்கு நெடுநாளாக எண்ணம்.

நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லர். மதரஸாவில் ஓதியதும், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை கற்றதுந்தான் நம் கல்வி. மற்றதெல்லாம் கடையில் நின்று கற்றது. ஆகவே பெரியவர்கள் நூல்களில் எழுதியிருப்பதை எடுத்துக்காட்ட நம்மால் ஆகாது. கண்டதையும், நாமே செய்த தவற்றையும் சொல்லுகிறோம்.

முதலில் கார் நிறுத்தும் விஷயம்.

நம் கடை அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. எதிரே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கார்ப்பேட்டை. அதன் இடங்களில் சில சிவப்புக் கோடு போட்டவை. மாதச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும். சில வெள்ளைக் கோடு போட்டவை. வந்து போகிறவர்களும் நிறுத்தலாம். நகரின் மத்திய வட்டாரத்துக்கு வெளியே அரை மணிக்கு 60 காசு என்று 2016 டிசம்பரில் கட்டணம் வைத்தார்கள். அதற்கு முன்பு 50 காசு. அப்போதெல்லாம் சீட்டைக் கிழித்துக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். 2017ல் கைத்தொலைபேசியிலேயே செலுத்தும் முறை வந்தது.

சில வருஷங்களுக்கு முன், "வாடிக்கையாளருக்குக் கார் நிறுத்த இடமில்லை, வியாபாரம் கெடுகிறது, சிவப்புக் கோட்டு இடங்களில் ஒரு வரிசையை வெள்ளைக் கோடாக மாற்றித் தரவேண்டும்" என்று நம் வட்டாரக் கடைக்காரர்கள் கோரிக்கை எழுப்பினோம். அதற்காக ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு வட்டாரத்தார் கூட்டம் நடந்தது. கடைக்காரர்கள் திரளாகப் போனோம். குடியிருப்பவர்களில் வந்தவர்கள் நால்வரோ ஐவரோதான். எல்லோரும் வேலைக்குப் போகும் நேரம் அது. அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியவர்களும் நாமே. கை தூக்கச் சொன்னார்கள்; தூக்கினோம். "வட்டாரத்தாரின் ஏகமனதான கோரிக்கை" என்று மேலே எழுதிப் போயிற்று. கேட்டது கிடைத்தது.

அதன் பிறகு ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் கணக்கு முடித்துக் கடையைச் சாத்தும்போது, நம் தலைக்கு மேலேயே ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மாள், ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவர், காரை ஓட்டிக்கொண்டு மூன்று முறை சுற்றி வருவதைக் கண்டோம். இடம் கிடைக்கவில்லை. அடுத்த பிளாக்குக்குப் போய் நிறுத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். நம்மைப் பார்த்து வழக்கம்போல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எதிரே நம்மால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஏனென்றால் அந்த வெள்ளைக் கோட்டு இடங்களில் ஒன்றில் நின்றுகொண்டிருந்தது நம்முடைய வான். பக்கத்தில் நின்றது மளிகைக்காரருடையது. அதற்கடுத்தது துணிக்கடைக்காரருடையது. வாடிக்கையாளருக்கென்று கேட்டு வாங்கிய இடத்தில் நாங்களே பகலெல்லாம் நிறுத்தி, இரவிலும் எடுக்காமல் இருந்தோம். சட்டப்படி அதில் பிழையில்லை. மாதச் சீட்டு இருந்தது. ஆனால் நியாயப்படி?

அன்றுதான் ஒன்று புரிந்தது. கூட்டத்துக்கு வந்தவன் தன் வாயால் பேசுகிறான். வராதவனுக்கு வாய் யார்? வந்தவன்தான் அவனுக்கும் வாயாக இருக்க வேண்டும். கமிட்டியில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு நாற்காலி உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் அவர் அமர்ந்திருக்கிறார். மற்றொன்று காலியாக இருக்கிறது. காலி நாற்காலிக்கு உரியவரை நினைக்காமல் கை தூக்குகிறவர், பிறர் வீட்டுச் சாமானை விலை பேசுகிறவர்.

இரண்டாவது, சேம நிதி விஷயம். இங்கே காலி நாற்காலிக்கு உரியவர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம்.

சிங்கப்பூரில் நகர மன்றங்கள் முதலில் 1986ல் ஆங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கப்பட்டன. 1988ல் அதற்கெனச் சட்டம் வந்தது. வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் மாதாமாதம் சேவை, பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறோம். கூட்டிப் பெருக்குவதற்கும் விளக்கு எரிப்பதற்கும் போக, ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். பல வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெருஞ்செலவுகளுக்காக அது: சுவருக்குச் சாயம், கூரை, தண்ணீர்த் தொட்டி, குழாய், மின்கம்பி. 2018 முதல் மின்தூக்கி மாற்றுவதற்கென்றே தனி நிதியும் வைத்தார்கள். அப்போது குடியிருப்புகளுக்கு வகுத்த கணக்கு, சேம நிதிக்குக் குறைந்தது 26 விழுக்காடு, மின்தூக்கி நிதிக்குக் குறைந்தது 14 விழுக்காடு. ஆக, நூறு வெள்ளி வந்தால் நாற்பது வெள்ளியை இன்று தொடக்கூடாது.

இதைக் கேட்டதும் நம்மில் பலர், "நாற்பது வெள்ளியைப் பூட்டி வைத்துவிட்டுக் கட்டணத்தை ஏன் ஏற்ற வேண்டும்?" என்று கேட்கிறோம். நாமும் கேட்டவர்தாம். ஆனால் நம் கடையின் குளிர்பெட்டியை நினைத்துப் பார்த்தபோது வாய் அடைத்துவிட்டது. அது ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. அந்தத் தேய்மானத்தைச் செலவில் எழுதாமல் முழுவதும் லாபமென்று எடுத்துச் சாப்பிட்டால், பழுதாகும் நாளில் முதலிலிருந்துதான் எடுக்க வேண்டும். மின்தூக்கியும் அப்படியே. இன்று ஏறி இறங்குகிற நாம்தான் அதைத் தேய்க்கிறோம். தேய்த்தவன் கொடுக்காமல் போனால், இருபது வருஷம் கழித்துக் குடிவரும் யாரோ ஒருவன் நம் கடனைக் கட்டுவான். அவன் நம்மிடம் சண்டைக்கு வரமாட்டான்; நம் பெயரும் அவனுக்குத் தெரியாது. கேட்க ஆளில்லாத கடன் கடனல்ல என்று எந்த நேர்மையான வியாபாரி சொல்லுவான்?

எடுத்து வைத்த பணத்தையும் காக்க வேண்டும். 2008ல் அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் நிறுவனம் விழுந்தபோது, இங்கே சில நகர மன்றங்கள் சேம நிதியிலிருந்து சிக்கலான முதலீட்டுப் பத்திரங்களில் மில்லியன் கணக்கில் போட்டிருந்த செய்தி வெளிவந்தது. நிதி முழுவதையும் பார்க்க அது சிறு பகுதியே. ஆயினும் மக்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. சொந்தப் பணத்தில் துணிவது தைரியம். பிறர் பணத்தில் துணிவது எது?

நம் சமூகத்திலும் இதற்குப் பழைய பாடம் உண்டு. பெரியவர்கள் எழுதி வைத்த தர்மச் சொத்துகள் சரிவர நிர்வகிக்கப்படாமல் போனதால், 1905ல் ஆங்கில அரசாங்கம் முகமதிய, இந்து அறக்கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து ஒரு வாரியத்தின் கையில் அவற்றைக் கொடுத்தது. 1968ல் முயிஸ் ஏற்பட்டபின் முஸ்லிம் வக்ஃபுகள் அதன் பொறுப்பில் வந்தன. சொத்து யாருக்கென்று எழுதி வைத்தார்களோ அதைக் காப்பவர்கள் மறந்தால், வெளியார் வந்து பூட்டுப் போடும் நிலை வரும் என்பதே அந்தப் பாடம்.

இதற்கு மாறான நல்ல பாடமும் உண்டு. புதிய நகரங்களில் பள்ளிவாசல் கட்டுவதற்காக 1975ல் ஒரு நிதி தொடங்கினார்கள். உழைக்கும் முஸ்லிம்கள் மாதம் 50 காசு கொடுத்தார்கள். அதைக் கொண்டு முதற்பள்ளி தோ பாயோவில் 1977ல் திறக்கப்பட்டது. கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டார்கள். இன்று தொழுகிறவர்களில் எத்தனையோ பேர் அன்று பிறக்கவுமில்லை. காலி நாற்காலியை நினைத்துக் கொடுத்த ஐம்பது காசு அது.

இவ்வளவும் சொன்னபின், "ஆகவே சேம நிதியைத் தொடவே கூடாது" என்று நாம் முடிப்போம் என அன்பர்கள் எண்ணலாம். இல்லை. இங்கேதான் நம் இரண்டாவது தவறு வருகிறது. முதல் தவற்றைவிட இது பெரிது.

நாம் முன்பு அங்கம் வகித்த ஒரு கமிட்டியிடம் நல்ல சேம நிதி இருந்தது. ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் அந்தத் தொகை ஏறியிருப்பதைப் படித்துக் கைதட்டுவோம். நம்மோடு வியாபாரம் செய்த ஒருவர் திடீரென மௌத்தாகிவிட்டார். அவருடைய மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர இடம் கிடைத்தவன். வீட்டிலோ கடன். படிப்புச் செலவுக்குக் கர்ளு ஹஸனாவாக ஒரு தொகை கேட்டு எழுதினான். கமிட்டி கூடியது. "இவனுக்குக் கொடுத்தால் நாளை பத்துப் பேர் வருவார்கள், முன்னோர் சேர்த்த நிதியைக் கரைத்த பழி நமக்கு ஏன்?" என்றார் ஒருவர். எல்லோரும் தலையை ஆட்டினோம். அதே கூட்டத்தில், அடுத்த விஷயமாக, ஆண்டு விருந்துக்கு மண்டபம் பிடிக்க நிமிஷத்தில் அனுமதி கொடுத்தோம். அது நடப்புக் கணக்கு, இது சேமக் கணக்கு என்று நியாயமும் சொன்னோம்.

அந்தப் பையன் படிக்கப் போகவில்லை. வேலைக்குப் போய்விட்டான். இப்போது ஒரு மொத்த வியாபாரியின் லாரியில் வாரம் இருமுறை நம் கடைக்குச் சரக்கு கொண்டுவருகிறான். "மாமா, கையெழுத்துப் போடுங்க" என்று சீட்டை நீட்டுவான். "உம்மா சலாம் சொல்லச் சொன்னாங்க" என்பான். ஒரு சொல் குத்திக் காட்டியதில்லை. ஹலாலான உழைப்பு, அதில் இழிவில்லை. ஆனால் அவன் கைப்பட எழுதிய மனுவை வாசித்த நமக்கு, அவன் நீட்டும் சீட்டில் கையெழுத்திடும்போதெல்லாம் அந்த மனுவில் போட மறுத்த கையெழுத்து நினைவுக்கு வருகிறது.

யூசுஃப் நபி அவர்கள் செழித்த ஏழு வருஷங்களில் தானியத்தைச் சேர்த்து வைக்கச் செய்த வரலாறு நாம் அனைவரும் மதரஸாவில் கேட்டதுதான். பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைத் திறந்ததும் அதே வரலாற்றின் பாதிதானே? பூட்டியதை மட்டும் நாம் கற்றுக்கொண்டோம், திறந்ததைக் கற்றுக்கொள்ளவில்லை.

அப்படியானால் எப்போது பூட்டுவது, எப்போது திறப்பது? நம் சிற்றறிவுக்கு எட்டியது இது. சேம நிதி எதற்கென்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கூரைக்கு எவ்வளவு, மின்தூக்கிக்கு எவ்வளவு, திடீர்க் கஷ்டத்தில் விழுந்தவருக்கு எவ்வளவு என்று தனித்தனியே பிரிக்க வேண்டும். கூரைக்கென்று வைத்ததை விருந்துக்குத் தொட்டால் அது மோசம். கஷ்டப்பட்டவருக்கென்று வைத்ததைக் கஷ்டம் வந்தபோதும் தொடாவிட்டால் அதுவும் மோசமே. நோக்கம் எழுதப்படாத நிதி, பேசத் தெரிந்தவனுக்கு வளைந்து கொடுக்கும். பேசத் தெரியாதவனுக்குக் கதவடைக்கும்.

இன்னொன்று. ஒரு முடிவால் நமக்கு லாபம் இருக்குமானால், கை தூக்குமுன் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். "இந்தக் கார் நிறுத்துமிடம் எனக்கும் வசதி" என்று அன்று நாம் எழுந்து சொல்லியிருந்தால், குடியிருப்பவர்களின் வசதி என்ன என்று யாரேனும் கேட்டிருப்பார்கள். கூட்டத்தை இரவு எட்டரைக்கு வைத்திருந்தால் அந்தத் தாதி அம்மாளே வந்து கேட்டிருக்கலாம்.

"எல்லோரையும் நினைத்துக்கொண்டிருந்தால் ஒரு முடிவும் ஆகாது" என்று அனுபவமுள்ள அன்பர்கள் சொல்லுவார்கள். மெய்தான். எல்லோருக்கும் இனிக்கும் தீர்மானம் உலகத்தில் இல்லை. கூரை மாற்றினால் கட்டணம் ஏறும். கட்டணம் ஏறாவிட்டால் கூரை ஒழுகும். ஆனால் ஒருவருக்கு நஷ்டமென்று தெரிந்து, அவர் முகத்தை நினைத்து, வேறு வழியின்றி முடிவெடுப்பது ஒன்று. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே நினைவில்லாமல் முடிவெடுப்பது வேறு. முதலாவது வருத்தம். இரண்டாவது அநீதி.

பொது முதல் யாருடையது என்று தலைப்பில் கேட்டோம். நம்முடையதன்று. நம் கையில் இருக்கும் அமானிதம் அது. கொடுத்தவர் போய்விட்டார், பெறவேண்டியவர் இன்னும் வரவில்லை, அல்லது வாசலில் தயங்கி நிற்கிறார். நடுவில் சாவி மட்டும் நம்மிடம் இருக்கிறது.

நம் வானை இப்போது பின்புறத் தளத்தில் ஒதுக்கமாக நிறுத்துகிறோம். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. இரண்டு நிமிஷ நடை. அந்தப் பையனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அடுத்த வருஷம் அவனும் மேற்படிப்புக்கு மனுச் செய்வான் என்று கேள்விப்படுகிறோம். எந்தக் கமிட்டியிடம் செய்வான் என்று தெரியாது. எந்தக் கமிட்டியாக இருந்தாலும், அதில் அமரும் அன்பர்கள் அவன் மனுவை எடுக்குமுன் இந்தச் சில வார்த்தைகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.