வரிசை தப்பிய படிப்பு

மண்டல் குழுப் பரிந்துரையை அமலாக்குவதாக 1990இல் அறிவிப்பு வந்தபோது எழுந்த கூச்சலில் ‘தகுதி’ என்கிற சொல் வீதியெங்கும் இறைந்து கிடந்தது. இட ஒதுக்கீட்டில் வருகிறவனுக்குத் தகுதி இல்லை என்றார்கள். அதற்குப் பதில் சொல்ல நாம் பழகிவிட்டோம். ஆனால் அதே சொல் வேறொரு இடத்தில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. பள்ளிக்கூடத்தை முடிக்க முடியாமல் போய், பிற்பாடு நுழைவுத் தேர்வோ ஆயத்தப் படிப்போ எழுதி, தபால் வழியே பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பட்டதாரிகளா இல்லையா? சட்டக் கேள்வி மாதிரித் தெரிகிறது. எனக்கு இது அறம் சார்ந்த கேள்வியாகத்தான் படுகிறது.

இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஐதராபாத்தில் தொடங்கியது. 1991இல் அதற்கு அண்ணல் அம்பேத்கரின் பெயரை வைத்தார்கள். இண்டர்மீடியட் முடிக்காதவர்களும் ஒரு தகுதித் தேர்வு எழுதிப் பட்டப்படிப்பில் சேர அங்கே வழி இருந்தது. 1985இல் வந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பிளஸ் டூ இல்லாதவர்களுக்கென்று ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்றை வைத்தது. அதே 1985இல் பல்கலைக்கழக மானியக் குழு போட்ட ஒழுங்குமுறை, முன்படிப்புச் சான்று எதுவும் இல்லாதவர் 21 வயது நிரம்பியிருந்தால் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறி, தொலைநிலைப் பட்டப்படிப்பில் சேரலாம் என்றது. ஆக இது யாரும் சுவரேறிக் குதித்த வழி அல்ல. அரசு வைத்த வாசல்.

அந்த வாசலுக்குள் போனவர்கள் யார்? எங்க சித்தியைச் சொல்கிறேன். ஊர் சிவகாசிப் பக்கம். ஏழாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். விடியக்காலம் கம்பெனி வண்டி வரும், இருட்டின பிறகு கொண்டுவந்து இறக்கிவிடும். குச்சி அடுக்கிய கை அது. பள்ளிக்கூடத்தை விட்டதில் வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். “வருத்தமென்ன வருத்தம். அங்க எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டத விட, ஏ புள்ள போயி கக்கூசுக்குத் தண்ணி ஊத்துன்னு சொன்னதுதான் சாஸ்தி. ஆனா எழுத்து மட்டும் எங்கூடவே வந்திருச்சு” என்றார்.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது சித்தி தெரு விளக்கடியில் மற்ற பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கே வந்த ஒருவர் சொல்லித்தான் நுழைவுத் தேர்வு விஷயம் தெரிந்தது. எழுதினார், தேறினார், பி.ஏ. தமிழ் சேர்ந்தார். புத்தகக் கட்டு தபாலில் வரும். தபால்காரர் காலனிக்குள் வரமாட்டார். டீக்கடையில் போட்டுவிட்டுப் போவார், நாம் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தொலைநிலைக் கல்வி என்கிறார்கள்; ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடக்கிற அந்த நூறு கஜத்தை யாரும் அந்தத் தொலைவில் சேர்த்துக்கொள்வதில்லை. சனி ஞாயிறு நேர்முக வகுப்புக்குப் போக ரெண்டு நாள் கூலியை விடவேண்டும். அப்படியும் மூன்று வருஷத்தில் முடித்தார்.

2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. முதல் பட்டம் இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலையில் எம்.ஏ. வாங்கியவரை அரசுத் திரைப்படக் கல்லூரி முதல்வராக நியமித்தது பற்றிய வழக்கு. மானியக் குழு ஒழுங்குமுறைப்படி அது செல்லாது என்றது நீதிமன்றம். அந்த வழக்கின் அளவில் அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு போட்ட 107ஆம் எண் அரசாணை எங்கேயோ போய்விட்டது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்த பிறகு திறந்தநிலையில் பெற்ற பட்டங்கள் மட்டுமே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்றது அது. முதல் பட்டம் இல்லாத எம்.ஏ.வும், மானியக் குழு அனுமதித்த நுழைவுத் தேர்வு எழுதி மூன்று வருஷம் படித்த பி.ஏ.வும் ஒரே குப்பைக் கூடைக்குப் போயின.

அடுத்த வருஷம் சித்தி ஒரு வேலைக்கு மனுப்போட்டார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்ட வேலை. பட்டச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்த எழுத்தர், “பி.ஏ. இருக்கும்மா, பத்து எங்க?” என்றாராம். பி.ஏ. படித்தவர் பத்தாவது தேறாதவர் ஆகிவிட்டார்.

இங்கேதான் கேட்கவேண்டியிருக்கிறது: நுழைவுத் தகுதி என்பது எதற்காக? ஒருவர் மேற்படிப்பைத் தாங்குவாரா என்று முன்கூட்டியே ஊகிக்க ஒரு கருவி. அவ்வளவுதான். படிப்பையே முடித்துவிட்டவரிடம் அந்த ஊகத்தைத் திரும்பக் கேட்பது, விளைந்து நிற்கிற பயிரை விட்டுவிட்டு விதை முளைக்குமா என்று சோதிப்பதற்குச் சமம். சரி, இப்போது போய்ப் பத்தாவது எழுதிவிட்டு வரட்டும் என்றால் அதுவும் உதவாது. பட்டத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும். அப்படியானால் இந்த ஆணை சோதிப்பது அறிவை அல்ல. வந்த வழியை, வரிசையை. உனக்கு என்ன தெரியும் என்று கேட்காமல் நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிற மனசு எது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வரிசை ஒழுங்காக இருந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது? 1907இல் மெட்ரிகுலேஷன், பிறகு பி.ஏ., பிறகு கொலம்பியா என்று ஒரு படி தவறாமல் ஏறிய அம்பேத்கருக்கு 1917இல் பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை.

தோழர்கள் சிலர் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். தபால் கல்வியே மோசடி, பல்கலைக்கழகங்கள் கட்டணத்துக்காகக் கடை விரித்தன, பாடப்புத்தகமே அரைகுறை என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. கடை விரித்தவர்களைத் தண்டிக்கட்டும். காசு கொடுத்தவளை ஏன் தண்டிக்க வேண்டும்? இன்னொரு வாதம்தான் என்னைத் தூங்கவிடாதது. இரண்டாவது வாசல் ஒன்று இருப்பதால்தான் முதல் வாசலைப் பற்றி அரசு கவலைப்படாமல் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் வாத்தியார் இல்லை என்றால், பிறகு எப்போதாவது படித்துக்கொள் என்று சொல்லிவிடலாம் என்கிற வாதம். இதை மறுக்க என்னால் முடியவில்லை. ஆனாலும் முதல் வாசலைச் சரிசெய்யும்வரை இரண்டாவதை மூடு என்று, ஏற்கனவே வெளியே நிற்கிறவளைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலையிலேயே வகுப்பு வைத்தார் அம்பேத்கர். கூலிக்காரனின் நேரத்துக்குக் கல்லூரி வந்தது.

படிப்பை விட்ட பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். தனித்தேர்வராகப் பத்து எழுது, பிறகு பிளஸ் டூ, அதுக்கப்புறம் பட்டம் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். வேறென்ன சொல்ல? நான் எதிர்த்து எழுதுகிற ஆணையை நானே காலனியில் அமல்படுத்திக்கொண்டிருக்கிறேன். சித்திக்கு இது பிடிக்கவில்லை. “நீயும் அந்த எழுத்தர் மாதிரியே பேசுறய்யா” என்கிறார். பிள்ளைக்கு வேலை வேணும்ல சித்தி என்றேன். “வேல வேணுந்தான். ஆனா எம் பட்டம் செல்லாதுன்னு அதுககிட்ட நீ சொல்லாத” என்றார்.